நிஷாவின் அளவு

தி.நகர்ல அஞ்சு மாடி ஜவுளிக்கடை ஒண்ணு. அதுல ரெண்டாவது மாடி முழுக்கப் பொம்பளைங்க உள்ளாடை. அந்த மாடியைப் பத்து வருஷமாப் பெருக்கித் துடைக்கிறவள் வேலம்மா. சுவர் கொள்ளாம ஆயிரக்கணக்குல பாடி தொங்குற இடத்துல நாளெல்லாம் மாப்பு தள்ளுறவள், அம்பத்தோரு வயசுல தனக்குன்னு ஒரே ஒரு பாடி கடையில கேட்டு வாங்கினதில்லைன்னா நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும். நான் ஒண்ணும் கதை அளக்கலை.

வயசுக்கு வந்தப்போ அவளோட அம்மா பழைய பாவாடைத் துணியில கையால தைச்சுக் குடுத்ததுதான் முதல் பாடி. கல்யாணமானதும் மயிலாப்பூர்ல ஸ்ரீரஞ்சனி மாமி வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போனாள். மாமி வருஷத்துக்கு ரெண்டு தடவை கொல்லைக் கதவுல ஒரு மஞ்சப்பையை மாட்டிட்டு, "வேலம்மா, அதை உங்காத்துக்கு எடுத்துண்டு போ, இங்க பிரிக்காதே"ன்னுடுவாள். பிரிச்சா எல்லாம் மாமியோட பழைய பாடி. மாமிக்குப் பெரிய உடம்பு. வேலம்மா முதுகுப் பக்கம் ரெண்டு மடிப்பு மடிச்சு ஊசி நூல் போட்டுக்குவாள். அப்படியே பதினேழு வருஷம் ஓடிப்போச்சு.

அப்புறம் மகள் நிஷா வளர்ந்தாள். ஒரே மகள். பதினெட்டு வயசுல இதே கடையில, இதே ரெண்டாவது மாடியில சேல்ஸுக்குச் சேர்ந்தாள். அம்மா மாப்பு தள்ளுவாள், மகள் டப்பா டப்பாவாப் பிரிச்சுக் காட்டுவாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நிஷா தனக்கு ரெண்டு புது பிரா எடுத்தாள்னா, பழசு ரெண்டும் அம்மாவுக்கு. குடுக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஒரு கிண்ணத்துக்குள்ள இன்னொரு கிண்ணத்தைச் செருகி அரை வட்டமா மடிச்சு, அம்மாவோட புடவை அடுக்குக்குக் கீழ வெச்சிடுவாள். அந்த மடிப்பு வேலம்மா சொல்லிக் குடுத்ததுதான்.

"ஏம்மா, ஒண்ணே ஒண்ணு புதுசா வாங்கினா இன்னா கொறஞ்சா பூடுவே?"

"உள்ள போடுறதுதானடி? எவ வந்து பாக்கப் போறா? வயசுப் பொண்ணு நீ வாங்கு. ஒனக்கு அலுத்ததும் எனக்குக் குடு."

ரெண்டு பேருக்கும் முப்பத்தினாலு. அதுல வேலம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பொண்ணைப் பெத்து இருபது வருஷமாகியும் பொண்ணோட அளவே தனக்கும்னு பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கிட்டகூடச் சொல்லியிருக்காள். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் விட மாட்டாள்.

இப்படி இருந்த குடும்பத்துல இடி விழுந்தது ரெண்டு வருஷம் எட்டு மாசம் முன்னாடி. வேலம்மாவோட புருஷன் சுப்புராயன் ஆட்டோ ஓட்டுறவர். தன் அக்கா மகன் அறிவுக்குத்தான் நிஷான்னு அவள் தொட்டில்ல கிடக்கும்போதே வாக்குக் குடுத்தவர். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நிஷா, வாட்டர் கேன் போடுற பிரபுவோட ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிட்டாள். அங்கிருந்து நேரா திருவான்மியூர்ல ஒரு வாடகை வீடு. கடை வேலையையும் விட்டாச்சு.

சுப்புராயன் நல்ல மனுஷன்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. பட்டினப்பாக்கம் கடல்ல மூணு முங்கு முங்கி, பெத்த பொண்ணைத் தலைமுழுகிட்டு ஈரத்தோட வந்தார். வந்தவர் நிஷாவோட சுடிதார், சீப்பு, செருப்பு, போட்டோ ஒண்ணு விடாம மூட்டை கட்டி அடையாறு கழிமுகத்துல வீசினார். கண்ணாடியில அவள் ஒட்டி வெச்சிருந்த ஸ்டிக்கர் பொட்டைக்கூட நகத்தால சுரண்டினார். அப்புறம் பொஞ்சாதியைக் கூப்பிட்டு, "நான் கட்டுன தாலி மேல கை வெய். அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன், அவகூடப் பேச மாட்டேன்னு சொல்லு"ன்னார். வேலம்மா சொன்னாள். சொல்லாம என்ன பண்றது? அன்னிக்கு அந்த மனுஷன் இருந்த இருப்புல நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவாரோன்னு அவளுக்குப் பயம்.

ஆனா ஒண்ணை சுப்புராயன் கோட்டை விட்டார். அவங்க குடியிருந்த ஹவுசிங் போர்டு வரிசையில எந்த வீட்டுலயும் பாடியைக் கண்ணுக்குத் தெரியக் காயப்போட மாட்டாங்க. கொடியில முதல்ல பாடி, அதை மூடி அதுக்கு மேல பாவாடை. அன்னிக்கு வேலம்மாவோட பச்சைப் பாவாடைக்குக் கீழ நிஷாவோடது மூணு காய்ஞ்சுக்கிட்டு இருந்தது. வீட்டையே கவிழ்த்துத் தேடின ஆம்பளை அந்தப் பாவாடையை மட்டும் தூக்கிப் பார்க்கலை. வெள்ளையில ஒண்ணு, சாம்பல்ல ஒண்ணு, ரோஸ்ல சின்னப் பூப் போட்டது ஒண்ணு. மகள்னு சொல்லிக்க அந்த வீட்டுல மிஞ்சினது அந்த மூணுதான்.

மறுநாள்ல இருந்து வேலம்மா அதைத்தான் மாத்தி மாத்திப் போட்டாள். காலையில சுவர்ப் பக்கம் திரும்பி நின்னு கொக்கி மாட்டும்போது, "வந்துட்டியாடி"ன்னு வாய்க்குள்ளேயே கேப்பாள். புருஷன் பக்கத்துலதான் டீ குடிச்சுக்கிட்டு இருப்பார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. பொண்ணு மேல அவளுக்கு இருந்த ஏக்கத்தை எதுல போட்டு அளக்கிறது? சோத்தைப் பிசையும்போது நினைப்பு, பஸ்ல ஜன்னலோரம் கிடைச்சா நினைப்பு. அந்த வரிசையில ஒருத்தரும் நிஷான்னு வாய் தொறக்கிறதில்லை, சுப்புராயன் வாய்க்குப் பயந்து. அந்த மனுஷன் திருவான்மியூர் சவாரின்னா ஏத்துறதே இல்லை, ரெட்டிப்பாத் தரேன்னாலும் வண்டியைத் திருப்பிடுவார்.

கடையில ஒருத்தி இருந்தாள், ஜுவேரியா. ஜாம்பஜார்ல இருந்து வர்ற பொண்ணு. நிஷாவும் அவளும் ஒரே டிபன் டப்பாவுல தின்னவங்க. ஆரம்பத்துல இருந்து வேலம்மாவை "நிஷாம்மா"ன்னுதான் கூப்பிடுவாள். இத்தனைக்கு அப்புறமும் அந்தப் பேரை மாத்தலை. அதைக் கேக்கிறதுக்காகவே வேலம்மா துடைச்ச இடத்தையே இன்னொரு தடவை துடைப்பாள். ஆரம்பத்துல ஒரு நாள், "எப்படிடி கீறா?"ன்னு கேட்டும் பார்த்தாள்.

"நல்லா கீறா. இதுக்கு மேல கேக்காதீங்க நிஷாம்மா. ‘அம்மாவுக்கு என்னைப் பாக்கணும்னா அவங்களே வரட்டும், ஒன் வாய் வழியா ஒரு வார்த்தை போகக் கூடாது’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா."

அம்மா ஒரு சத்தியம், மகள் ஒரு சத்தியம். நடுவுல கிடந்து லோல்பட்டது ஜுவேரியா.

இந்த நேரம் பார்த்துத்தான் வேலம்மா உடம்பு மாற ஆரம்பிச்சுது. மாசாமாசம் வர்றது ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, நாலு மாசத்துக்கு ஒருக்கான்னு இஷ்டத்துக்கு வந்து, கடைசியில ஒரேடியாக் காணோம். ஏசி போட்ட மாடியில நிக்கிறப்பவே கழுத்துல இருந்து குபீர்னு சூடு ஏறும், ஜாக்கெட் தொப்பலா நனையும். உடம்பு பெருத்தது. மாரு கனத்துக் கீழ இறங்கிப் போச்சு. தொட்டா வலி, படி இறங்கினா வலி, குப்புறப் படுத்தா உயிர் போற வலி. மாருக்குக் கீழ தோலோட தோல் ஒட்டி, வேர்வையில வெந்து புண்ணாயிடுச்சு. பாவாடைக்கடியில காத்து வெயில் படாம அரை ஈரத்துல காஞ்ச பாடியைப் போட்டா புண்ணு எப்படி ஆறும்? பவுடரைக் கொட்டினாள், தேங்காயெண்ணெய் தடவினாள். பாடி மட்டும் அதே முப்பத்தினாலு.

முதல் கொக்கியில இருந்து கடைசிக் கொக்கிக்குப் போனாள். அதுவும் எட்டாம போனப்போ பாவாடை நாடாவை வெட்டி முதுகுல ஒட்டுப் போட்டாள். தோள்ல பட்டை பதிஞ்சு விரல் வைக்கிற ஆழத்துக்கு ரெண்டு பள்ளம். ராத்திரி வீட்டுக்குப் போய்க் கழட்டினா மாரைச் சுத்திச் சிவப்பாக் கயிறு கட்டின மாதிரி தடம். வலது பக்கம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கிறப்போ, கட்டி கிட்டி இருக்குமோன்னு ஒரு பயம் வேற. யார்கிட்ட சொல்றது? இந்த மாதிரி விஷயமெல்லாம் நிஷாகிட்டதான் சொல்லுவாள்.

போன ஆடித் தள்ளுபடியில கடை நிரம்பி வழிஞ்சப்போ ஒரு நாள் மத்தியானம், மூணாம் நம்பர் ட்ரையல் ரூமைத் தொறந்த ஜுவேரியா அலறிட்டாள். உள்ள ஸ்டூல்ல வேலம்மா, ஜாக்கெட் கொக்கியை அவுத்துவிட்டு, கண்ணை மூடிச் சாஞ்சு கிடந்தாள்.

"யா அல்லா! நிஷாம்மா! இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடி. மூச்சு வாங்கிக்கினு கீறேன். சூப்பர்வைசர் தனபாலன் சார் வர்றாரான்னு பாரு."

ஜுவேரியாவுக்குப் பார்த்த மாத்திரத்துல புரிஞ்சுபோச்சு. ஒரு நாளைக்கு நூறு பொம்பளைங்களை அளக்கிறவள் இல்லையா? கழுத்துல மாலை மாதிரி தொங்கின இஞ்ச் டேப்பை எடுத்து, மாருக்குக் கீழ ஒரு சுத்து, மேல ஒரு சுத்து அளந்தாள். "முப்பத்தெட்டு. சி கப். நீங்க போட்டுக்கினு கீறது முப்பத்தினாலு. இது பாடியா நிஷாம்மா, இல்ல தண்டனையா?" அப்போதான் அவள் கண்ணு அந்த ரோஸ் பூவுல விழுந்தது. அதை நிஷா எடுத்த அன்னிக்கு பில் போட்டவளே இவள்தான். முதுகுக் கொக்கியை மெதுவாக் கழட்டிவிட்டாள்.

லீவு நாள்ல ஜுவேரியாவே இழுத்துக்கிட்டுப் போய் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில லேடி டாக்டர்கிட்ட காட்டினாள். டாக்டரம்மா தடவிப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துப் படமும் எடுக்க வெச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு, கட்டி இல்லைன்னு தெரிஞ்சப்போதான் வேலம்மாவுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்தது.

"மாதவிடாய் நிக்கிற காலத்துல இப்படித்தாம்மா. மாரோட கட்டு தளரும், கொழுப்பு சேரும், அளவு மாறும். பாதி வலி இந்தச் சின்ன பாடியாலதான். இதைத் தூக்கிப் போடுங்க. பருத்தியில, கம்பி இல்லாம, பட்டை அகலமா, உங்க அளவுக்கு வாங்குங்க. வெயில்ல காய வெச்சுப் போடுங்க. புண்ணுக்கு இந்தக் களிம்பு."

எல்லாத்துக்கும் தலையாட்டின வேலம்மா, தூக்கிப் போடுங்கன்ன வார்த்தைக்கு மட்டும் தலையாட்டலை.

மறுநாள் கடை தொறக்கிறதுக்கு முன்னாடி ஜுவேரியா அதே ட்ரையல் ரூமுக்குள்ள ஒரு புதுசைக் கொண்டுவந்தாள். மெத்துன்னு பருத்தித் துணி, ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டை. முன்னால குனிஞ்சு மாட்டச் சொல்லி, நிமிர்த்தி, பட்டையை ஏத்தி இறக்கி, உள்ள விரல் விட்டுப் பார்த்துச் சரி பண்ணினாள். வேலம்மா ஒரு மூச்சு இழுத்தாள். எங்கயும் இடிக்கலை, எங்கயும் அறுக்கலை. எத்தனை மாசமாச்சு இப்படி மூச்சு விட்டு! கையைத் தூக்கினாள், இறக்கினாள். கண்ணாடியில பார்த்தாள். மாரு கனமே இல்லாம அது பாட்டுக்கு அது இடத்துல இருந்தது.

"அடியாத்தே, எம்மாம் சொகமா கீதுடி!"

சொல்லி வாய் மூடலை, ஸ்டூல்ல உக்காந்து விசும்ப ஆரம்பிச்சுட்டாள். அப்புறம் முதுகுக்குக் கையைக் கொண்டுபோய்க் கழட்டி ஜுவேரியா கையில குடுத்தாள்.

"வேணாம். எடுத்துக்கினு போ."

"ஏன்? ஸ்டாஃப் ரேட்ல நான் வாங்கித் தரேன் நிஷாம்மா."

"காசாடி பெருசு? இது சொகமா கீது. அதான் வேணாம்னு சொல்றேன். சொகமா இருந்தா நாளைக்கும் இதைத்தான் போடுவேன். அவளுது மூணும் பீரோவுக்குள்ள போயிடும். ஒரு நாள் அந்த ஆளு பாத்துட்டா வண்டி துடைக்க எடுத்துடுவாரு. என் பொண்ணு என் ஒடம்போட ஒட்டிக்கினு கீறாடி. வலிச்சாலும் அவதானே? அதையும் அவுத்துக் கடாசிட்டா அவ எனக்கு எங்கடி கீறா?"

ஜுவேரியாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "ஆத்தாளும் மகளும் ஒரே வார்ப்பு! ரெண்டு பேருக்கும் நடுவுல என் தலைதான் உருளுது!" டப்பாவைப் படார்னு மூடி எடுத்துக்கிட்டுப் போனாள். வேலம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, முப்பத்தினாலை இழுத்து மாட்டிக்கிட்டு, மாப்பை நனைச்சாள்.

பத்து நாள் பல்லைக் கடிச்சாள். களிம்பு போட்டாலும் மேல அதே பாடி அழுத்தினா என்ன ஆறும்? புண்ணுல நீர் கசிஞ்சு வெள்ளைப் பாடியில கறை பட்டது. நாடா போட்டுத் தைச்ச ஒட்டு சாம்பல்ல பிஞ்சு, துணியோட கிழிஞ்சுக்கிட்டு வந்தது. மூணு ரெண்டாச்சு. அன்னிக்கு சாயங்காலம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தவளுக்கு ஒரு யோசனை தட்டினது. மறுநாள் காலையில ஜுவேரியா புர்காவைக் கழட்டி மாட்டுற வரைக்கும்கூடப் பொறுக்கலை.

"ஜூவி, அவகிட்ட ஒண்ணு கேளு. பழசு எதுனா கீதான்னு கேளு."

"பழசா?"

"அவ புதுசு எடுத்தா பழசு எனக்குத்தானே? அதான் எங்க வழக்கம். நான் தாலி மேல கை வெச்சு அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன், பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பழசு வாங்க மாட்டேன்னு சொல்லல. அந்த ஆளு அதைக் கேக்கவும் இல்ல."

ஜுவேரியா அவளையே பார்த்தாள். "சைஸு சொல்லவா?"

"சைஸெல்லாம் எதுக்கு? எது இருந்தாலும் சரின்னு சொல்லு. கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல."

அதுக்கப்புறம் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் வேலம்மா பட்ட பாடு இருக்கே, சொல்லி மாளாது. காலையில ஜுவேரியா படியேறி வர்றப்போ முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். வெறுங்கையா இருந்தா குனிஞ்சு வாளியைத் தூக்கிக்குவாள். பெத்தவளை வேணாம்னு விட்டுட்டுப் போனவள் பழசை மட்டும் குடுப்பாளான்னு ஒரு மனசு. குடுக்காம எங்க போவாள், என் பொண்ணுடின்னு இன்னொரு மனசு. நான்தானே போகலை, வாசல் வரைக்கும்கூடப் போகலையேன்னு நினைச்சப்போ தன்னைத் தானே அறையலாம்போல வந்தது. வேலை முடிஞ்சு தி.நகர் பஸ் ஸ்டாண்டுல, தன் பஸ் வந்து நின்னாலும் ஏறாம நிப்பாள். கண்டக்டர் "திருவான்மியூர், திருவான்மியூர்"னு கத்துறதைக் கேட்டுட்டு, அந்த பஸ் திரும்பி மறையுற வரைக்கும் பார்த்துட்டுத்தான் அடுத்ததுல ஏறுவாள்.

பன்னெண்டாம் நாள், புதன்கிழமை, ஜுவேரியா கையில ஒரு கறுப்பு கேரிபேக். கவுன்டருக்குக் கூடப் போகாம நேரா வந்து வேலம்மா கையில திணிச்சாள். முகத்துல சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. "உள்ள போய்ப் போட்டுப் பாருங்க. நான் வெளிய நிக்கிறேன்"னு மட்டும் சொன்னாள்.

மூணாம் நம்பர் ட்ரையல் ரூம். தாழ்ப்பாள் போட்டு, வேலம்மா பையைப் பிரிச்சாள். உடம்பு நிறத்துல ரெண்டு. ஒரு கிண்ணத்துக்குள்ள இன்னொண்ணைச் செருகி, அரை வட்டமா, அதே மடிப்பு. எடுத்து முகத்துல வெச்சுக்கிட்டாள். நல்லா வெயில்ல காஞ்ச வாசனை. ‘தெகிரியமா மொட்டை மாடியில போடுறாடி எம் பொண்ணு’ன்னு நினைச்சு, அழுதுக்கிட்டே சிரிச்சாள். அடியில துவைச்சும் போகாத லேசான மஞ்சக் கறை இருந்தது. இருக்கட்டும், பழசுன்னா அப்படித்தான்.

முன்னால குனிஞ்சு மாட்டினாள். நடுக் கொக்கியே எட்டினது. நிமிர்ந்தாள். ஒரு இடத்துலயும் அழுத்தலை. புண்ணு மேல படலை. மூச்சு தாராளமா வந்தது. புதுசு எப்படி இருந்ததோ, இது அதைவிட மேல், தேய்ஞ்சு பழகின துணியாச்சே. அப்புறம்தான் உறைச்சுது. நிஷா முப்பத்தினாலு ஆச்சே, இது எப்படி எனக்குப் பத்துது? உடம்பு வெச்சுட்டாளா? பட்டையைத் தடவிக்கிட்டே போன விரல்ல தோளுக்குக் கொஞ்சம் கீழ ஏதோ சின்னதா இடறினது. அழுத்தினாள். டிக்குன்னு ஒரு சத்தம், இடது பக்கக் கிண்ணம் முன்னால கவிழ்ந்து தொங்கினது.

வேலம்மா கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்னுட்டாள். அந்தக் கொக்கி அவளுக்குத் தெரியாததா? ஜன்னலோர ரேக், பிள்ளை பெத்தவங்க பகுதி. பத்து வருஷமா அந்த ரேக்குக்குத் தூசு தட்டுறவள் அவள்தானே. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு, ஒரு கையில குழந்தையை வெச்சுக்கிட்டு இன்னொரு கையால இதை எப்படித் தொறக்கிறதுன்னு நிஷா நின்னு விளக்குறதைப் பார்த்திருக்காள். இது பழசு. எலாஸ்டிக் தளர்ந்து, துணி வெளுத்த பழசு. அப்போ அந்தக் குழந்தை பிறந்து எத்தனை நாளாச்சு?

புடவையை அள்ளிப் போர்த்திக்கிட்டுத் தாழ்ப்பாளைத் தொறந்தாள். ஜுவேரியா அங்கேயேதான் நின்னாள்.

"பொண்ணா, புள்ளையாடி?"

"பொண்ணு. ஒண்ணே கால் வயசு." ஜுவேரியா அவள் புடவையை இழுத்துச் சரியாப் போர்த்திவிட்டாள். "வேற பழசும் நெறையக் கீது நிஷாம்மா. அவதான் இதை எடுத்துக் குடுத்தா. ‘நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம், போட்டா அம்மாவுக்கே தெரியும்’னா."

ஒண்ணே கால் வயசு. வேலம்மா மனசுக்குள்ள பின்னாடி போய்ப் போய்ப் பார்த்தாள். மசக்கையில வாந்தியெடுத்தப்போ தலையைப் பிடிக்க யாரு இருந்தா? வளைகாப்பு ஏது? பிள்ளை பெத்த மூணாம் நாள் பால் கட்டிக்கிட்டு மாரு கல்லாயிடுமே, அப்போ? நிஷா பிறந்தப்போ தன் அம்மா வெந்நீர்ல துணி முக்கி முக்கி வெச்சது ஞாபகம் வந்தது. தனக்கு இந்த ரூமுக்குள்ள மாரு விண்ணுன்னு தெறிச்ச மாதிரியே, பஸ்ல போனா அரை மணி தூரத்துல, அன்னிக்கு மகளுக்கும் தெறிச்சிருக்குமே.

"பால் கட்டினப்போ யாருடி ஒத்தடம் குடுத்தா?"

"யாரும் இல்ல. அந்தண்ண கேன் போடப் போயிருச்சு. எனக்கு போன் பண்ணி அழுதா. எனக்கே கல்யாணம் ஆகல, நான் இன்னாத்தைச் சொல்லுவேன்? போன்ல வீடியோ தேடிப் பாத்து ரெண்டு பேரும் இன்னாத்தையோ பண்ணோம்." ஜுவேரியா மூக்கை உறிஞ்சினாள். "இப்போ பாலை நிறுத்திட்டா. போன வாரத்துல இருந்து. திரும்பவும் கட்டிக்கினு வலிக்குதுன்றா. அதான் இது ரெண்டும் பழசாச்சு."

"நிறுத்திட்டு சும்மாவா கீறா? மாருல மல்லிப்பூ வெச்சுக் கட்டலையா? பூ வெச்சுக் கட்டினாத்தானே பால் வத்தும்?"

"அதெல்லாம் யாரு சொன்னாங்க அவளுக்கு?"

இது வரைக்கும் தன்னோட ஏக்கம் ஒண்ணுதான் உலகத்துல பெருசுன்னு நினைச்சு அதையே கட்டிக்கிட்டு இருந்தவளுக்கு, பெத்தவள் வேணும்னு ஒருத்தி அங்க ரெண்டே முக்கால் வருஷமா வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காளேன்னு இப்போதான் சுருக்குன்னுது. வேர்வையில மாரோட ஒட்டிக் கிடந்த தாலியைக் கையில எடுத்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். மறுபடியும் உள்ள போட்டுக்கிட்டாள். அவள் அந்த மனுஷனுக்காகப் பயந்தது போதும். கேட்டா கேட்கட்டும், கத்தினா கத்தட்டும், தாலி அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

"போனைப் போடு."

"நிஷாம்மா, நிஜமாவா?"

"போடுடின்றேன்ல!"

ஜுவேரியா நம்பரைத் தட்டி வேலம்மா கையில குடுத்தாள். ரெண்டு தடவை மணி அடிச்சுது. எடுத்ததும், யாரு பேசுறாங்கன்னுகூடக் கேக்காம, மூச்சு வாங்க அந்தக் குரல் வந்தது. பின்னால ஒரு குழந்தை எதையோ தட்டித் தட்டி விளையாடுற சத்தம்.

"இன்னாடி ஜூவி, போட்டுப் பாத்தாங்களா? அம்மாவுக்கு சரியா இருந்துச்சா?"

வேலம்மா, கவிழ்ந்து தொங்கின கிண்ணத்தை எடுத்து மேல ஏத்தி, கொக்கியை மாட்டினாள். டிக்குன்னுது.

"சரியா கீதுடி"ன்னாள்.

அந்தப் பக்கம் இருந்து "அம்மா"ன்னு ஒரு கேவல்.

"அழுவாதே. அழுதா இன்னும் வலிக்கும். கதவைத் தொறந்து வெய்யி. பூ வாங்கிக்கினு வரேன்."